இருபத்துநான்கு மஞ்சள் கோடுகள்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பால் கவரை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றுகிறேன். பால் பொங்கும்வரை பல் தேய்க்கிறேன். சார்ஜரிலிருந்து பேட்டரிகளை எடுத்து ஒன்றைக் காமிராவிலும் ஒன்றைச் சட்டைப்பையிலும் போடுகிறேன். நேற்றைய கார்டு லேப்டாப்பில் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கார்டை அழிக்கிறேன். வெள்ளைப் பலகையைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்கிறேன். காப்பி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஆறரைக்கு ஸ்கூட்டரை எடுத்தால் கிள்ளிப்பாலம் வழியாக ஏழுக்குள் ஸ்டேடியம்.

ஏழு மணிக்கு மூன்றாம் கோபுரத்தைப் படம் எடுக்க வேண்டும். காமிராவுக்கு முன்னால் ஒரு நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலும் கோபுரமும் ஒரே சட்டத்தில் வருமாறு. நூல் நேராக இருக்கும். கோபுரம் இருக்காது. சும்மா பார்த்தால் தெரியாது. படத்தில் தெரியும். ஒன்பது நாளாக இதைத்தான் எடுக்கிறேன்.

ஸ்டேடியத்தின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. நான்கு மூலைகளிலும் நின்ற பழைய இரும்புச் சட்டக் கோபுரங்களை இறக்கிவிட்டு, புதிதாக உருளைத் தூண்களை நிறுத்தி அதில் விளக்குகளை ஏற்றும் வேலை. அதைப் படம் எடுப்பது என் வேலை. அழகுக்காக அல்ல. மண்ணுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ போகிற எதையும் அது மறைவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். பிறகு அது படத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு கோபுரத்தின் அடித்தட்டு இருபத்துநான்கு போல்ட்டுகளின் மேல் உட்காரும். ஒவ்வொரு போல்ட்டிலும் தட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. கீழ் நட்டு தட்டைத் தொட்டு நிற்கிறதா என்று தரம் பார்க்கும் எஞ்சினியர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் மேல் நட்டிலிருந்து தட்டுவரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவார். பிறகு நான் படம் எடுப்பேன். பிறகு தட்டுக்கு அடியில் சிமென்ட் கலவை ஊற்றி அடைத்துவிடுவார்கள். அதற்குமேல் கீழ் நட்டை யாரும் பார்க்க முடியாது.

தரம் பார்க்கும் எஞ்சினியர் அனுஷா. என் மனைவி. ஜூன் பதினாறாம் தேதி எலிக்காய்ச்சலில் இறந்தாள். இருபத்தெட்டு வயது. அஸ்திவாரக் குழியில் தேங்கிய தண்ணீர், காலில் ஒரு கீறல் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி பலத்த காற்று. மறுநாள் விளக்குகளின் கோணத்தைத் திருத்த வந்தவர்கள் மூன்றாம் கோபுரம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடியில் கலவை வெடித்துத் துண்டுதுண்டாக உதிர்ந்திருந்தது. யாருக்கும் அடியில்லை. ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் தேதி பேப்பரில் வந்தது. கோபுரத்தின் போல்ட்டுகளைப் பரிசோதித்துக் கையெழுத்திட்ட எஞ்சினியர் பின்னர் காலமாகிவிட்டார் என்று கம்பெனி சொன்னதாக. பெயர் இல்லை. ஆனால் அங்கே செத்த எஞ்சினியர் ஒருத்திதான்.

அன்று மாலையே மாமா வந்தார். தாசையன். அனுஷாவின் அப்பா. பாறசாலையில் கொத்தனார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஸ்டேடியத்துக்கு வந்துவிட்டார். கையில் பேப்பர், நாலாக மடித்தது. மூன்றாம் கோபுரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து உதிர்ந்த கலவையில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"பிரஜினே, இதுல போட்டிருக்கது உள்ளதா?"

"விசாரணை நடக்குது மாமா."

"அது நான் கேக்கல. எனக்க மோளு பாத்துட்டா ஒப்பு போட்டா, பாக்காமலா?"

நான் காமிராவின் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் முப்பத்தஞ்சு வருசமா சுவரு கெட்டுதேன். ஒரு சுவரு சரிஞ்சா ஆரு கெட்டினான்னுதான் கேப்பாவ. சர்ச்சுல கேட்டுட்டாவ, மக்களே. ஆறுதல் சொல்லுத மாதிரி கேட்டாவ. நான் என்ன சொல்லணும்?"

"பதினாலாம் தேதி விசாரணைல எல்லாம் தெரிஞ்சிரும்."

"அன்னைக்கு நானும் வாறேன்."

அவரைத் தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கு அப்போதே பதில் தெரியும். சொல்லவில்லை.

ஜூன் பத்தாம் தேதி நடந்தது இது.

ஒவ்வொரு படவரிசைக்கும் முதலில் ஒரு பலகை வர வேண்டும். கோபுரத்தின் எண், வேலை, தேதி, பரிசோதித்தவரின் கையெழுத்து. மழைக்காலத்தில் பலகையில் எழுத எழுத அழியும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அன்று நடக்கப்போகும் எல்லா வேலைக்கும் காலையிலேயே, மழை விட்டிருக்கும்போது, அனுஷாவிடம் பலகைகளை எழுதி வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் மற்றப் படங்களை அதன் பின்னால் சேர்ப்பேன். அவளுக்கு இது பிடிக்காது.

"பொண்ணைப் பாக்காமலே கல்யாண ஓலை எழுதச் சொல்லுற" என்பாள்.

"பாத்துட்டுப் பிடிக்கலேன்னா சொல்லு. படத்தை அழிச்சிடுறேன்."

அப்படி இரண்டு முறை அழித்தும் இருக்கிறேன்.

அன்று எட்டு மணிக்கு மூன்றாம் கோபுரத்துக்கான பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு மணிக்கு கிரேன் தூணைத் தூக்கி நிறுத்தியது. பன்னிரண்டு மணிக்கு அனுஷா படுத்துப் பார்த்தாள். ஆறு கீழ் நட்டுகள் தட்டைத் தொடவில்லை. தூணைக் கொஞ்சம் தூக்கி மறுபடி உட்கார வைக்கச் சொன்னாள். எழுந்தபோது அவளுக்கு உடம்பு நடுங்கியது. கையைத் தொட்டேன். கொதித்தது. வீட்டுக்குப் போ, நான் பின்னால் வருகிறேன் என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். போகும்போது மஞ்சள் பேனாவை என்னிடம் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு வானம் இருட்டியது. அந்த ஆறு நட்டுகளை அதுவரை யாரும் மறுபடி படுத்துப் பார்க்கவில்லை. சைட் மேனேஜர் வெங்கிடேஷ் இரண்டாம் மாடி ஆபீசிலிருந்து போன் செய்தார். கிரேன் ஐந்து மணிக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும், கலவை கலக்கியாயிற்று, அரை மணி நேரத்தில் இறுகிவிடும், படத்தை எடு. என் போனில் அனுஷாவிடமிருந்து எடுக்காத அழைப்புகள் இரண்டு. படம் எடுக்காமல் கலவை ஊற்ற முடியாது. கலவை ஊற்றாமல் நான் போக முடியாது.

கோபுரம் நிறுத்தும் கூட்டத்துக்கு மேஸ்திரி வன்னியராஜ். சங்கரன்கோவில் பக்கம். அவரிடம் பேனாவை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேடம் பேனாவ நான் தொடமாட்டேன் தம்பி. ஸ்பானர் தூக்குற கை இது. வேணும்னா நீ போடு."

நான் போட்டேன். இருபத்துநான்கு கோடுகள். காமிரா பிடித்துப் பழகிய கை, நடுங்கவில்லை. பிறகு படம் எடுத்தேன். பிறகு கலவை ஊற்றினார்கள். ஐந்தே காலுக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். காய்ச்சல் நூற்றுமூன்று.

பலகைப் படத்தை நான் அழிக்கவில்லை.

பேப்பரில் வந்த மறுநாள் வெங்கிடேஷ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்டவர் இல்லை. அடக்கத்துக்கு வந்து கடைசி வரை நின்றவர்.

"பிரஜின், நல்லா ஆலோசிச்சுப் பேசணும். மரிச்சுப்போன ஆள் மேல கேஸ் கிடையாது. ஒப்பு அவங்களோடது. ஃபைல் அதோட மூடும். உனக்கு ஜோலி இருக்கும், வன்னியராஜுக்கு ரெண்டு பிள்ளைங்க, அவனும் பிழைப்பான்."

"நீங்களும்."

"ஆமா, நானும். இல்லேன்னு சொன்னேனா?"

"அனுஷா?"

"அவங்களுக்கு இனி என்ன ஆகணும், சொல்லு."

எழுந்தேன்.  வெளியே வந்தேன். வன்னியராஜ் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

"என்ன, சார் கதவ மூடிக்கிட்டு ஞானஸ்நானம் குடுத்தாரா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "தம்பி, ஊத்துன்னாங்க, ஊத்துனேன். எடுன்னாங்க, எடுத்தே. அன்னைக்கு இங்க வேலைய நிறுத்துன ஒரே ஆள் அந்தப் பிள்ளதான். இப்ப அந்தப் பிள்ளதான் குத்தவாளி. நல்லாருக்கு."

"விசாரணைல இதைச் சொல்வீங்களா?"

"கேட்டா சொல்வேன். கேக்க மாட்டாங்க. ஸ்பானர்காரன யாரு கேக்கா?"

நான் மட்டும் சொன்னால் போதுமா? போதாது. செத்தவளின் புருஷன் பெண்டாட்டியைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் சொல்வான். அனுஷா பார்க்காமல்தான் அந்தக் கையெழுத்து விழுந்தது என்பதற்கு என் வாய்க்கு வெளியே ஏதாவது வேண்டும். கம்பெனிக்குக் கொடுத்த ஆல்பத்தில் இருப்பது வெட்டிய படம். பலகை மட்டும், அதைப் பிடித்த நான்கு விரல்கள். கார்டை மறுநாளே அழித்துவிட்டதாக நினைத்தேன். லேப்டாப்பில் தேடினேன். டெஸ்க்டாப், டிரைவ், அழித்தவை கிடக்கும் தொட்டி. பேக்கப் டிஸ்க்கை இரண்டு முறை திறந்தேன். ஜூன் ஒன்பது இருக்கிறது. ஜூன் பதினொன்று இருக்கிறது. பத்து இல்லை. அழித்த கார்டிலிருந்து மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். தூக்குக்குண்டும் கோபுரமும்தான் வந்தன. நூறு, இருநூறு, எல்லாம் சாய்ந்த கோபுரம். மூன்று நாள் இப்படிப் போனது. சாப்பிட்டேனா என்று நினைவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் குளியலறையில் நின்றபோதுதான் நினைவு வந்தது. ஜூன் பத்தாம் தேதிப் படங்களை நான் இறக்கவே இல்லை. மறுநாள் காலை அவளை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு, கார்டை அப்படியே சாலைக் கடைத்தெருவில் வேலாயுதனிடம் கொடுத்தேன். நீங்களே வெட்டி ஆல்பத்துக்குப் போட்டுவிடுங்கள் என்று.

வேலாயுதனின் கலர் லேப் ஆரியசாலைக்குத் திரும்பும் சந்தில், மாடியில். கீழே அரிசி மண்டி. படியேறும்போதே கத்தினேன்.

"அண்ணாச்சி, ஜூன் மாசப் படம் வச்சிருக்கீங்களா?"

"இரிடே, மூச்சு விடு. எந்த ஜூன்?"

"இந்த ஜூன். பத்தாம் தேதி. ஸ்டேடியம்."

"ஓணத்துக்கு முன்னால எல்லாத்தையும் துடைச்சுக் களையணும். கல்யாண சீசன் வருது, டிஸ்க்கில இடமில்ல. நேத்து ஏப்ரல் வரை துடைச்சேன்."

"மே?"

"மே இன்னைக்கு." என் முகத்தைப் பார்த்தார். "ஜூன் நாளைக்குடே. விழுந்துடாத, ஸ்டூல்ல இரி."

என் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தார். குழி, கம்பி, போல்ட், பலகை. கீழே உருட்டிக்கொண்டே வந்து ஒரு படத்தில் நிறுத்தினார்.

"இதுதான் நான் எடுத்தது."

"எதுக்கு எடுத்தீங்க?"

"அடக்கத்துக்குடே. நீதானே போன்ல சொன்னே, எதையாவது எடுத்துப் போடுங்கன்னு. எல்லாப் படத்துலயும் அந்தப் பிள்ள தரையப் பாத்து நிக்கும். இதுல ஒண்ணுலதான் முகம் நேரா வந்திருந்தது. ஹெல்மெட்ட எடுக்கத்தான் பாடுபட்டேன். முடி வேற ஆளோடது. உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லை."

"அப்ப நல்லா செஞ்சிருக்கேன்."

முழுப்படத்தைத் திரை நிறைய வைத்தார். அனுஷா பலகையை நெஞ்சோடு பிடித்திருக்கிறாள். கோபுரம் மூன்று, போல்ட் நட்டு இறுக்கம், பரிசோதித்தது, கையெழுத்து. கீழ்ப்பாதி கம்பெனியின் ஆல்பத்துக்குப் போனது. மேல்பாதி சவப்பெட்டியின் தலைமாட்டுக்குப் போனது. இரண்டிலும் வேண்டாமென்று வெட்டி எறிந்தது நடுவிலும் ஓரத்திலும் இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் அஸ்திவாரம். இருபத்துநான்கு போல்ட்டுகளும் வெறுமனே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதன் பக்கத்தில் மரக்கட்டைகளின் மேல் தூண் படுத்துக் கிடக்கிறது. தூண் நிற்பதற்கு முன்பே அதன் நட்டுகளைப் பரிசோதித்ததாகப் பலகை சொல்கிறது.

"பிரின்ட் போடவா?"

"ரெண்டு காப்பி. வெட்டாம."

இயந்திரம் ஓடியது. படம் சூடாக வெளியே வந்தது. வேலாயுதன் ஓரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, "இதுல முடி அவளோடதுதான்" என்றார்.

பதினாலாம் தேதி. விசாரணை பார்வையாளர் கேலரிக்கு அடியில் உள்ள ஒரு அறையில். விசாரிப்பவர் ஷைலஜா, எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியர். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஆல்பத்தைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். ஒரு கிளார்க் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் வெங்கிடேஷ். மாமாவை உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே பெஞ்சில் குடையோடு உட்கார்ந்திருந்தார். புழுக்கத்தால் கதவு திறந்தே இருந்தது.

மலையாளத்தில்தான் எல்லாம். நான் முழுப்படத்தை மேசையில் வைத்தேன். ஷைலஜா அதை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வெங்கிடேஷின் பக்கம் தள்ளினார். அவர் பார்த்தார். நிறம் மாறியது. ஆனால் அவர் புத்திசாலி.

"மேடம், இது இன்னும் மோசமில்லையா? தூண் நிற்கும் முன்பே ஒப்புப் போட்டிருக்கிறார். பார்க்காமல் கையெழுத்திட்டிருக்கிறார். நாங்கள் அதை நம்பிக் கலவை ஊற்றினோம்."

ஷைலஜா என்னைப் பார்த்தார். "அவர் சொல்வது சரிதானே?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. மூன்று நாள் தேடியும் யோசிக்கவில்லை. அவளைக் காப்பாற்ற என்று கொண்டுவந்த படம் அவள் கழுத்தில் விழுந்து கிடந்தது. வாசல் பக்கம் குடை தரையில் தட்டும் சத்தம் கேட்டது. மாமாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும்.

"ஒப்பு முன்னால் வாங்கியது நான்" என்றேன். "மழைக்காக. அது என் வழக்கம். எல்லாக் கோபுரத்துக்கும் அப்படித்தான். சரியில்லை என்று அவள் சொன்னால் அழித்துவிடுவேன். அன்று மதியம் ஆறு நட்டு சரியில்லை என்று சொன்னாள். நான் அழிக்கவில்லை."

"கோடுகள் இருக்கின்றனவே. இருபத்துநான்கு."

"அதை நான் போட்டேன்."

கிளார்க்கின் பேனா நின்றது.

"நீங்கள் என்றால்?"

"அவளுடைய பேனா. என் கை. பிறகு படம் எடுத்தேன். அவள் அப்போது வீட்டில் காய்ச்சலில் கிடந்தாள்."

"பிரஜின்" என்றார் வெங்கிடேஷ், மெதுவாக, தமிழில். "நீ உள்ள போயிடுவேடா."

"எழுதிக்கோங்க" என்றேன் கிளார்க்கிடம்.

ஷைலஜா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "மேஸ்திரி இதற்குச் சாட்சி சொல்வாரா?"

"கேட்டால் சொல்வார். அவரை யாரும் கேட்பதில்லை."

"கேட்கிறேன்." ஏதோ குறித்துக்கொண்டார். "ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக வேண்டும். நீங்கள் இதை எடுத்தது அனுஷாவுக்குத் தெரியுமா? தெரிந்து பேசாமல் இருந்தால் அவரும் இதில் சேர்ந்தவர்தான். ஆறு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். இதைப் பற்றி ஏதாவது பேசினாரா?"

"ஒருமுறை."

"எப்போது?"

"பதின்மூன்றாம் தேதி. ஐசியூவுக்குள் கொண்டுபோகும்போது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. குழாய் போட்டுவிட்டார்கள்."

மாமா வாசலில் வந்து நின்றிருந்தார். கிளார்க் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவர் உட்காரவில்லை. கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று அடக்கத்தன்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை மாமா என்று சொல்லியிருந்தேன்.

"என்ன சொன்னார்?" என்றார் ஷைலஜா. "அவர் பேசிய பாஷையிலேயே சொல்லுங்கள். அப்படியே எழுதட்டும்."

சொன்னேன். அன்று அவள் கண் மஞ்சளாக இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறவர் கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மூணாம் டவர்ல படம் எடுத்துட்டியா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் கையில் மஞ்சள் பெயின்ட் இன்னும் முழுக்கப் போகவில்லை. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, எடுக்கலை என்று இன்னொரு முறை சொன்னேன். அவள் நம்பினாள். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அப்ப சரி. நான் வந்து பாக்காம எடுத்துடாத."